ஆயிரத்து இருநூறு லிட்டர்

அத்தியாயம் 17

இந்தச் சுதாகரை மூன்று வாரமாகத் திட்டிக்கொண்டிருக்கிறேன். நீங்களும் கடிதம் போட்டுத் திட்டுகிறீர்கள். திட்டி என்ன பிரயோஜனம்? அவன் வாயைத் திறந்தால்தானே!

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். போர்ட் பிளேரில், டெலானிபூர் சரிவில் ராஜமாணிக்கத்தின் வீடு. தண்ணீர் சப்ளையில் முப்பத்திரண்டு வருஷம் பம்ப் ஹவுஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி மரகதத்துக்கு முடக்குவாதம். காலையில் விரலை மடக்கவே அரைமணி நேரம் ஆகும். மகன் சுதாகர் ஜங்லிகாட் பகுதியில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருப்பவன். ஹேவ்லாக்கில் ஒரு ரிசார்ட்டில் பழசென்று கழித்துப்போட்ட ஹாட் டப்பை வாங்கி, கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்து, வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரைக்கடியில் அம்மாவுக்காகப் பொருத்தினான்.

ஆயிரத்து இருநூறு லிட்டர் பிடிக்கும் தொட்டி அது. முப்பத்தெட்டு டிகிரி சூட்டில், சுற்றிலும் குமிழி கிளம்ப, அந்தத் தண்ணீரில் உட்கார்ந்த முதல் நாளே மரகதம் அழுதுவிட்டாள். வலியில்லாமல் உட்கார்ந்து எத்தனை வருஷம் ஆச்சு என்று சொல்லிச் சொல்லி அழுதாள்.

ஏப்ரல் பத்தாம் தேதி மரகதம் சென்னை ஆஸ்பத்திரியில் நிமோனியாவில் இறந்தாள். ஊருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். வாயில் நுழையாத பெயருள்ள ஒரு கிருமி, வீட்டு டப்பின் பழைய வெந்நீரில் வளர்ந்து, ஆவியோடு மூச்சில் ஏறியிருக்கிறது என்று டாக்டர் வராந்தாவில் நிறுத்திச் சொன்னது சுதாகரிடம் மட்டும். அவன் சொன்னது மனைவி மீனாவிடம் மட்டும். அந்தத் தண்ணீரைத் தினமும் தன் கையாலேயே பராமரித்த ராஜமாணிக்கத்துக்குத் தெரியாது.

காரியம் முடிந்து ஊர் திரும்பியதும் சுதாகர் செய்த ஒரே வேலை, டப்புக்குக் கரண்ட் போகும் பிரேக்கரை இறக்கிவிட்டு, "ஹீட்டர் போயிடுச்சுப்பா" என்று சொன்னதுதான். தண்ணீரைத் திறந்துவிட அப்பா சம்மதிக்கவில்லை, இவனும் வற்புறுத்தவில்லை. பாவி, அன்றைக்கே வற்புறுத்தியிருக்கலாம்.

* * *

சனிக்கிழமை காலை ஏழரை மணி. மே மாதம் பாதி போய்விட்டது, மழையைக் காணோம். மூன்று நாளைக்கு ஒரு தரம் நாற்பது நிமிஷம் வரும் குழாய்த் தண்ணீர், ஐந்தாவது நாளாகியும் வரவில்லை. மீனா தட்டுக்குப் பதில் வாழையிலைத் துண்டில் தோசை வைத்தாள். தட்டைக் கழுவத் தண்ணீர் வேண்டுமே.

"நாளைக்கு வைஜு வர்றா இல்ல?" என்றார் ராஜமாணிக்கம்.

வைஜெயந்தி அவர் மகள், சுதாகரின் தங்கை. சென்னையில் கம்ப்யூட்டர் முன்னால் நாள் முழுக்க உட்கார்ந்து இடுப்பைக் கெடுத்துக்கொண்டவள்.

"வந்ததும் டப்ல உக்காரச் சொல்லணும். அவ அம்மாவுக்குக் கேட்ட மாதிரி அவளுக்கும் கேக்கும்."

"அதான் ஹீட்டர் போயிடுச்சேப்பா. மேன்லேண்ட்லேர்ந்து பார்ட் வரணும்னு சொன்னேனே."

ராஜமாணிக்கம் சிரித்தார். அம்மா போன பிறகு அவர் சிரித்துச் சுதாகர் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"ஒண்ணும் போகலடா! நம்ம ஐயாவு இருக்கான்ல, பம்ப் ஹவுஸ் எலக்ட்ரீஷியன், அவனைக் கூட்டிட்டு வந்து காட்டினேன். பிரேக்கர் இறங்கிக் கிடந்துச்சு, அவ்ளோதான். தட்டிவிட்டான், ஜம்முனு ஓடுது. மோட்டார் கடைக்காரன் வீட்டுலயே பிரேக்கர் இறங்கினது தெரியல, நீயெல்லாம் கடை வெச்சு என்னத்தக் கிழிக்கிற?"

சுதாகர் பிட்ட தோசையை இலையிலேயே போட்டான்.

"எப்பப்பா ஆன் பண்ணீங்க?"

"ஆச்சு, பத்து நாள். நீங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போறீங்க, உங்களுக்கு எங்க தெரியப்போவுது? வைஜு வர்ற அன்னிக்குச் சொல்லலாம்னு வெச்சிருந்தேன்." அவர் இருமினார். இருமல் அடங்க நேரமாயிற்று. "போய் மூடியைத் திறந்து பாரு. குளோரின் வாசனை எப்படித் தூக்குதுன்னு! முப்பத்திரண்டு வருஷம்டா. அந்தப் பட்டையெல்லாம் எனக்கெதுக்கு? மூக்கு சொல்லும்."

பட்டை என்று அவர் சொன்னது, தண்ணீரில் நனைத்து நிறம் பார்க்கும் காகிதப் பட்டைகளை. டப் வந்த புதிதில் சுதாகர் மேன்லேண்டிலிருந்து வரவழைத்துக் கொடுத்தான். சீல் உடைக்காத அந்த டப்பா இன்னமும் ஷோகேஸ் டிராயரில் கிடக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை தண்ணீரை முழுக்க மாற்ற வேண்டும் என்று போட்டிருந்த புத்தகமும் அதே டிராயரில்தான். நவம்பரில் ஒரு தடவை மாற்றினார்கள். பிப்ரவரியில் மாற்றியிருக்க வேண்டும். ஆனால் அப்போது மழை நின்று, தெருவே குடத்தோடு நின்றுகொண்டிருந்தது. 'ஊர் தவிக்கும்போது ஆயிரத்து இருநூறு லிட்டரைத் திறந்துவிடுவதா? நான் தண்ணீர் சப்ளைக்காரன்டா!' என்று குறைந்த அளவுக்கு மட்டும் வாளியால் ஊற்றி, இன்னும் ஒரு ஸ்பூன் குளோரின் போட்டார். வாசனை வந்தது. வாசனை வந்தால் தண்ணீர் சுத்தம். முப்பத்திரண்டு வருஷம் அவர் அப்படித்தான் ஊருக்குத் தண்ணீர் விட்டார்.

"மாமா, ரெண்டு நாளா இருமுறீங்க. சுக்குக் காப்பி போடட்டுமா?" என்றாள் மீனா.

"வானம் மூடிக்கிட்டுப் பெய்யாம நிக்குதும்மா. அந்தப் புழுக்கம்தான், வேற ஒண்ணுமில்ல."

சுதாகர் கை கழுவும் சாக்கில் சமையலறைக்குள் போனான். மீனா அடுப்பை அணைத்துவிட்டு அவன் பின்னாலேயே வந்தாள்.

"இன்னிக்காவது சொல்லிடுங்க."

"சொன்னா செத்துடுவாருடி."

"சொல்லாட்டி நாளைக்கு உங்க தங்கச்சி அதுல இறங்குவா. அதுக்கென்ன பண்ணப்போறீங்க?"

"இன்னிக்கே காலி பண்ணிடறேன்."

"என்னன்னு சொல்லிக் காலி பண்ணுவீங்க?"

"தண்ணி பழசுன்னு சொல்வேன். வைஜுவுக்குப் புதுசு வேணும்னு சொல்வேன். ஏதோ ஒண்ணு சொல்றேன், நீ விடு."

மீனா அவனை ஒரு பார்வை பார்த்தாள். பொய் சொல்ல அவனுக்கு வராது என்பது அவளுக்குத் தெரியும். கல்யாணமாகி ஒன்பது வருஷம் ஆகிறதே.

* * *

ராஜமாணிக்கம் பின்பக்கம் டப்பின் மூடியை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். மூடியில் தூசியே இல்லை. இருந்தும் துடைத்தார்.

"அப்பா, வைஜு உக்காரணும்னா தண்ணியை மாத்திடலாம்ப்பா. டேங்கருக்குச் சொல்லிட்டேன், சாயங்காலம் வந்துடும்."

"மழை வரட்டும், மாத்திக்கலாம். ஒரு வாரம் போனா கூரைத் தண்ணியே ரொம்பிடும்."

"ஆறு மாசத் தண்ணிப்பா."

"இருக்கட்டுமே. நான் பாத்துக்கலையா? கண்ணாடி மாதிரி இருக்கு. வேணா திறந்து பாரு."

"அதுக்கில்லப்பா..."

ராஜமாணிக்கம் துணியைப் பிழிந்து கம்பியில் போட்டார். அங்கே ஏற்கெனவே அவருடைய வேட்டி ஒன்று, புழுக்கத்தில் ஈரம் காயாமல் தொங்கியது.

"சுதா, இது அவ கடைசியா உக்காந்த தண்ணிடா. ஆஸ்பத்திரிக்குக் கிளம்புற அன்னிக்குக் காலையில கூட உக்காந்தா. வேற என்ன இருக்கு எனக்கு? சாம்பலைக் கடல்ல கரைச்சாச்சு. புடவையை வைஜுவும் மீனாவும் எடுத்துக்கிட்டாங்க. நல்லதுதான், வேணாம்னு சொல்லல. இது ஒண்ணு இருக்கட்டுமேன்னு பாத்தேன்."

சுதாகர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அழுதுவிடுவோமோ என்று பயமாக இருந்தது.

"வைஜுவுக்காகப்பா," என்றான் கடைசியில்.

மகள் பெயர் வேலை செய்தது. ராஜமாணிக்கம் மூடியின் மேல் கையை வைத்தார், எடுத்தார்.

"டீக் ஹை. மாத்திடு. அவ இடுப்பு சரியானா போதும். ஆனா ஒரு சொட்டு நாலாவுல, சாக்கடையில போகக் கூடாது, சொல்லிட்டேன். நவம்பர்ல பண்ணின மாதிரியே பண்ணணும். நான் போய்த் தெருவுக்குச் சொல்லிட்டு வர்றேன்."

சுதாகர் இதை யோசிக்கவே இல்லை. நவம்பரில் டப்பைக் காலி செய்தபோது தெருவே வாளியும் டிரம்முமாக வந்து நின்றது. துணி அலச, கக்கூஸுக்கு ஊற்ற, வாசல் கழுவ என்று ஒரு சொட்டு மிச்சமில்லாமல் எடுத்துப் போனார்கள். மரகதம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, யாருக்கு எத்தனை வாளி என்று சண்டை வராமல் பார்த்துக்கொண்டாள். இந்தத் தீவில் யார் வீட்டிலும் தண்ணீரைச் சும்மா கொட்டுகிற வழக்கம் கிடையாது.

"வேணாம்ப்பா, நில்லுங்க!"

கேட் சாத்துகிற சத்தம்தான் வந்தது. அப்பா போய்விட்டார்.

* * *

சுதாகர் கடைக்கு ஓடி, பிளீச்சிங் பவுடரும் ரப்பர் கையுறையும் தடித்த மாஸ்க்கும் வாங்கி வந்தான். என்ன செய்ய வேண்டும் என்று டாக்டரிடமும் ரிசார்ட்டின் பராமரிப்பு ஆளிடமும் கேட்டு, போனில் எழுதி வைத்து ஒரு மாதமாகிறது. மருந்தைக் கரைத்து ஊற்ற வேண்டும். மூடியை இறுக்கி மூடி, ஆவி வெளியே வராமல் ஒரு மணி நேரம் பம்ப்பை ஓட விட வேண்டும். ஃபில்டரைக் கழற்றிப் பையில் கட்டி எறிய வேண்டும். பிறகு ஆள் நடமாடாத வழியில் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். வேலைதான் எவ்வளவு சுலபம்! இதைச் செய்யத்தான் இவனுக்கு ஒரு மாதம் கை வரவில்லை.

மூடியைத் திறந்ததும் அந்த வாசனை முகத்தில் அடித்தது. மாஸ்க்கையும் தாண்டி வந்தது.

பதினோரு மணிக்கு எல்லாம் முடிந்து, குழாயை மாட்டி வால்வைத் திறக்கப்போகும் நேரத்தில் பின்பக்கக் கதவருகே பேச்சுச் சத்தம் கேட்டது. ராஜமாணிக்கம் முன்னால் வந்தார், கையில் அவரே ஒரு வாளி. பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர். எதிர்வீட்டு ஜெயலட்சுமி இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு குடமாக நின்றாள்.

"என்ன தம்பி, பானி விடுறீங்களாமே? உங்கம்மா புண்ணியத்துல இன்னிக்காவது பாத்ரூமுக்கு ரெண்டு குடம் ஊத்தலாம். அஞ்சு நாளாச்சு, வீடே நாறுது."

"இல்லக்கா. இந்தத் தண்ணி வேணாம்."

"ஏன், கம்மியா இருந்தா கம்மியாவே குடுங்களேன், வேணாம்னா சொல்றோம்?" என்று அவள் சிரித்தாள். மற்றவர்களும் சிரித்தார்கள்.

"விளையாடலக்கா. யாரும் எடுக்க வேணாம். பிளீச்சிங் போட்டிருக்கு."

"பிளீச்சிங் போட்டா கக்கூஸுக்கு இன்னும் நல்லது!" என்றார் ராஜமாணிக்கம். "நீ வாம்மா ஜெயா, குடத்தை வை."

ஜெயலட்சுமி குடத்தைக் குழாயடியில் வைத்தாள். சுதாகர் பாய்ந்து அதைக் காலால் தள்ளினான். பித்தளைக் குடம் உருண்டு படியில் மோதி நின்றது. யாரும் சிரிக்கவில்லை.

"சொன்னா புரியாதா? கிட்ட வராதீங்க! போங்க எல்லாரும்!"

கத்தியது தானா என்று அவனுக்கே சந்தேகமாயிருந்தது. ஜெயலட்சுமி போய்க் குடத்தை எடுத்துக்கொண்டாள். ஒடுங்கிப்போன இடத்தைத் தடவிப் பார்த்தாள்.

"மரகதம் அண்ணி இருந்தா இப்படித் தண்ணிக்கு விரட்டுவாங்களா?" என்றாள். "வரோம்ணே," என்று ராஜமாணிக்கத்திடம் மட்டும் சொல்லிக்கொண்டு போனாள். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள்.

ராஜமாணிக்கம் மகன் பக்கம் திரும்பினார். "என்னடா பண்ணிட்டே? அஞ்சு நாளா தண்ணியில்லாத ஜனம்டா! முப்பத்திரண்டு வருஷத்துல தண்ணி கேட்டு வந்தவங்களை நான் ஒரு நாள் திருப்பி அனுப்பியிருப்பேனா? அதுவும் அவ பேரைச் சொல்லிக்கிட்டு வந்தவங்களை! உனக்கு என்ன பைத்தியமா பிடிச்சிருக்கு?"

இருமல் வந்து பேச்சை மறித்தது. இருமி முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். அப்போதுதான் மகனைச் சரியாகப் பார்த்தார்.

மாஸ்க்கைப் பார்த்தார். முழங்கை வரை ஏறிய கையுறையைப் பார்த்தார். சுவரோரம் காலியாகக் கிடந்த ஐந்து கிலோ பிளீச்சிங் பையைப் பார்த்தார். இரட்டைப் பாலிதீன் பையில் இறுக்கிக் கட்டியிருந்த ஃபில்டரைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார்.

"பம்ப் எத்தனை நேரம் ஓட விட்டே?"

"ஒரு மணி நேரம்ப்பா."

"மூடியை மூடியா?"

சுதாகர் வால்விலிருந்து கையை எடுத்தான்.

ராஜமாணிக்கம் கையிலிருந்த வாளியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்தார்.

"மாயாபந்தர்ல என்னைப் போட்டிருந்தப்போ கூலிக்காரங்க குடியிருந்த ஒரு லேபர் லைன்ல மஞ்சக்காமாலை வந்துச்சு. பதினாலு பேருக்கு. நான்தான் டேங்க்கைக் கழுவப் போனேன். முதல்ல ஜனங்களோட குடத்தைத் தள்ளி வெக்கணும். அப்புறம் பிளீச்சிங்கை அள்ளிக் கொட்டணும். கையை மூடணும். ஒரு சொட்டு யாரு வீட்டுக்கும் போகாம விடணும்." நிமிர்ந்து பார்த்தார். "இது தண்ணி மாத்துற வேலை இல்லடா, சுதா."

"அப்பா..."

"ஆனா அன்னிக்கு நாங்க மூக்கை மூடல. குடிச்சாத்தான் வரும் அது. நீ ஏன் மூக்கை மூடியிருக்கே?"

மீனா கதவருகே வந்து நின்றாள். உதவிக்கு வரவில்லை. உதவ அதில் ஒன்றுமில்லை.

சுதாகர் மாஸ்க்கைக் கழற்றினான். "இதிலிருந்துதாம்ப்பா. ஆவியில ஏறியிருக்கு. டாக்டர் டெஸ்ட் பண்ணிட்டுக் கேட்டாரு, வீட்டுல வெந்நீர்த் தொட்டி ஏதாவது இருக்கான்னு."

சொல்லிவிட்டான். ஒரு மாதத்துக்கு மேல் சுமந்ததைச் சொல்ல அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

ராஜமாணிக்கம் கத்துவார் என்று நினைத்தான். அவர் கத்தவில்லை. சின்னப் பையன் வாத்தியாரிடம் கேட்கிற மாதிரி கேட்டார்.

"குளோரின் குறையவே இல்லையேடா. வாசனை வந்துச்சே?"

இதற்குப் பதில் சொல்லாமல் விட்டிருக்கலாம். நானாக இருந்தால் விட்டிருப்பேன். ஆனால் ஒரு பொய் இத்தனை நாள் இருந்த இடத்தில் இன்னொன்றை வைக்க அவனுக்குத் தெம்பில்லை.

"நல்ல குளோரின் அப்படி நாறாதாம்ப்பா. அழுக்கோட சேந்து, வேலை முடிஞ்சுபோன குளோரின்தான் அப்படித் தூக்குமாம். வாசனை ஜாஸ்தி ஆனா மருந்து தீந்துபோச்சுன்னு அர்த்தமாம். ரிசார்ட்டு ஆளு சொன்னான். எனக்கும் முன்னாடி தெரியாதுப்பா. சத்தியமா தெரியாது."

ராஜமாணிக்கம் தன் மூக்கின் மேல் கையை வைத்துக்கொண்டார். ஏன் வைத்தார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

"நான்தான்டா தினம் வாசனை பாத்து உக்கார வெச்சேன். அவ கேப்பா, 'ஏங்க, இன்னிக்கு நெடி ஜாஸ்தியா இருக்கே'ன்னு. 'அதான்டி சுத்தம், உக்காரு'ன்னு சொல்வேன். நான் சொன்னேன்னு உக்காந்தா."

"அப்பா, விடுங்கப்பா. வேணும்னா பண்ணீங்க?"

"அவளுக்குத் தெரியுமா?"

சுதாகர் கையிலிருந்த மாஸ்க்கை மடித்தான்.

"சொல்லுடா. அவளுக்குத் தெரியுமா?"

"தெரியும்ப்பா. டாக்டர் என்கிட்ட பேசினதைப் படுக்கையில இருந்தே கேட்டுட்டாங்க. கதவு திறந்திருந்துச்சு. வென்டிலேட்டர் வெக்கிறதுக்கு முந்தின நாள். என்னைக் கூப்பிட்டு, 'அப்பாகிட்ட சொல்லாதடா, தாங்க மாட்டாரு'ன்னாங்க."

"முந்தின நாள்..." ராஜமாணிக்கம் விரலை மடக்கி எண்ணினார். "அன்னிக்குச் சாயங்காலம் நான் பக்கத்துல உக்காந்திருந்தேன். அவ விரலை நீவிவிட்டுக்கிட்டு இருந்தேன். ஊருக்குப் போனதும் டப்பைச் சூடு பண்ணி வெக்கிறேன்டின்னு சொன்னேன். சரிங்கன்னு தலையாட்டினாளே! தெரிஞ்சுமாடா தலையாட்டினா? தெரிஞ்சுமா என் கையைப் பிடிச்சுக்கிட்டே இருந்தா?"

அப்புறம் அவர் அழுதார். கிழவர் அழுகிற அழுகையைக் கேட்க முடியாமல் மீனா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சுதாகர் எதிரே தரையில் உட்கார்ந்து அப்பாவின் இரண்டு முழங்காலையும் பிடித்துக்கொண்டான். எவ்வளவு நேரம் என்று யாரும் பார்க்கவில்லை.

தகரக் கூரையில் பொட்டுப் பொட்டென்று விழுந்தது. பிறகு சடசடவென்று பிடித்துக்கொண்டது. மூன்று மாதமாக அவர் காத்திருந்த மழை.

"வந்துடுச்சு பாரு," என்றார் ராஜமாணிக்கம் கரகரத்த குரலில். "மூணு மாசம் முன்னாடி வந்திருக்கக் கூடாதா? அன்னிக்கே மாத்தியிருப்பேனே."

இருமினார். இந்த முறை குனிந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமினார். சுதாகர் முதுகைத் தடவிவிடக் கையுறையைக் கழற்றிவிட்டுக் கையை வைத்தான். சட்டைக்கு மேலேயே சூடு தெரிந்தது. கழுத்தில் வைத்துப் பார்த்தான். கொதித்தது.

கம்பியில் தொங்கிய ஈர வேட்டி அப்போதுதான் அவன் கண்ணில் பட்டது.

"அப்பா. நீங்க இதுல இறங்கினீங்களா?"

ராஜமாணிக்கம் தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்பா!"

"தினம் மத்தியானம் மூணு மணிக்கு. நீங்க வர்றதுக்குள்ள எழுந்துடுவேன். அவ உக்காருற மூலைக்கு எதிர்மூலையில உக்காருவேன்டா. அங்கே அவ இருக்கிற மாதிரியே இருக்கும். பத்து நாளா கொஞ்சம் தூக்கம் வருது, அதான்."

அன்று வராந்தாவில் டாக்டர் இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, தொட்டியைக் காலி செய்யுங்கள். இரண்டு, அந்தத் தண்ணீர்ப் பக்கம் போன யாருக்காவது இருமலோடு காய்ச்சல் வந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள். அம்மாவுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவதிலேயே குறியாக இருந்தவன், இரண்டையும் ஒரு மாதமாக அப்பாவிடம் சொல்லாமல் வைத்திருந்தான். சொல்லியிருந்தால் அப்பா அந்தப் பிரேக்கரைத் தொட்டிருப்பாரா?

"மீனா, ஆட்டோவைக் கூப்பிடு! ஆஸ்பத்திரிக்கு. சல்தி!"

மீனா மழையிலேயே ஓடினாள். சுதாகர் அப்பாவைக் கைத்தாங்கலாகத் தூக்கி நிறுத்தினான். அவர் கனக்கவே இல்லை. அம்மா போன பிறகு எவ்வளவு இளைத்துவிட்டார் என்பதை இவன் ஒரு நாளும் கவனிக்கவில்லை.

நடையில் வரும்போது அப்பா அவன் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"வைஜுகிட்ட சொல்லாதடா. பயந்துடும் பிள்ளை. சளின்னு சொல்லிடு."

சுதாகர் அவர் முகத்தைப் பார்த்தான். அம்மா சொன்னபோது அவள் முகமும் இப்படித்தான் இருந்தது.

சட்டைப் பையில் போன் அடித்தது. வைஜெயந்திதான்.

"என்னண்ணா, அங்கே மழையா? இவ்ளோ சத்தம் கேக்குது!" என்றாள் அவள் சந்தோஷமாக. "பேக் பண்ணிட்டேன். அப்பா என்னமோ சர்ப்ரைஸ்னு சொன்னாரே, டப்தானே? ரெடியா?"

அப்பா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார், வேண்டாம், வேண்டாம் என்று. வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

"வைஜு," என்றான் சுதாகர். "எங்கேயாவது உக்காந்துக்க. அம்மா எதனால போனாங்கன்னு நான் உன்கிட்ட பொய் சொல்லிட்டேன்."